8525.20 எங்கே போனது?

2017 ஜூன் வரை இந்தியாவுக்குள் வரும் செல்போனுக்கு அடிப்படைச் சுங்கவரி கிடையாது. ஜூலையில் 10 சதவீதம் வந்தது; டிசம்பரில் 15; 2018 பிப்ரவரியில் 20. ஐரோப்பிய ஒன்றியமும் ஜப்பானும் தைவானும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. செல்போனுக்கு வரி கிடையாது என்று நாங்கள் வாக்குக் கொடுக்கவே இல்லை என்றது இந்தியா. கொடுத்தோமா, இல்லையா? அதைத் தேடித்தான் ஆவணங்களுக்குள் இறங்கினேன்.

முதலில் எடுத்தது 1996 டிசம்பர் 13 தேதியிட்ட சிங்கப்பூர்ப் பிரகடனம். கணினி, சில்லு, தொலைத்தொடர்புக் கருவிகளின் வரியைப் படிப்படியாகப் பூஜ்யமாக்கும் ஒப்பந்தம் அது. இந்தியா 1997 மார்ச்சில் சேர்ந்தது. அதன் பொருள் பட்டியலில் 8517.11 என்ற சுங்க எண்ணில் கார்ட்லெஸ் போன் இருக்கிறது. 8527.90இல் பேஜர்கூட இருக்கிறது, பாவம். செல்போனைப் பெயர் சொல்லும் எண் மட்டும் இல்லை. மூடி வைக்கப் போனவன் 8525.20இல் நின்றுவிட்டேன்: அலையை ஏற்கும் வசதியும் சேர்ந்த அலைபரப்புக் கருவி. அட, கையில் வைத்துப் பேசுவதும் அதைத்தானே செய்கிறது! அந்தக் காலத்துச் சுங்க அட்டவணைக்குச் செல்போன் வானொலி வீட்டுப் பிள்ளை.

2007இல் உலகச் சுங்க அட்டவணை மாறியபோது பிள்ளை தொலைபேசி வீட்டுக்குப் போய்விட்டது. புது எண் 8517.12. ஒவ்வொரு நாடும் உலக வர்த்தக அமைப்பில் தந்த தன் வாக்குறுதிப் பட்டியலைப் புது எண்களுக்கு மாற்றி எழுத வேண்டியிருந்தது. இந்தியாவின் பட்டியலுக்கு 2015 ஆகஸ்டில்தான் சான்று கிடைத்தது. அதில் 8517.12க்கு நேரே இருப்பது ஒரு பூஜ்யம்.

மாற்றி எழுதியதில் பிழை நேர்ந்துவிட்டது என்று 2018இல் இந்தியா திருத்தம் கேட்டது. வழக்கில், நாடுகளிடையிலான ஒப்பந்தங்கள் பற்றிய வியன்னா உடன்படிக்கையின் 48ஆம் பிரிவையும் துணைக்கு அழைத்தது. பிழையால் தந்த சம்மதம் செல்லாது என்கிற பிரிவு அது. ஆனால், பிழையை உணரும்படி முன்பே எச்சரிக்கை இருந்திருந்தால் அந்தச் சலுகை இல்லை என்று அடுத்த பத்தியே சொல்கிறது.

2023 ஏப்ரல் 17 தீர்ப்பு இந்தியாவுக்கு எதிராக வந்தது. அதைப் படித்தபோது எனக்கும் ஒரு குட்டு. நடுவர் குழு அளவுகோலாகக் கொண்டது சான்றளிக்கப்பட்ட பட்டியலை. 1996 ஒப்பந்தத்தை அல்ல. நான் இரவெல்லாம் துருவிய 8525.20 அங்கே தீர்மானிக்கும் சாட்சியாகவே இல்லை.

இந்தியா மேல்முறையீடு செய்தது. அதை விசாரிக்க வேண்டிய அமர்வில் 2020 நவம்பர் முடிந்ததிலிருந்து உறுப்பினர் ஒருவரும் இல்லை.