கோப்பை ஜெயித்த கிளப் எங்கே போச்சு? (த்ரெட்)

1/ 2019-ல ஐ-லீக் கோப்பையை ஜெயிச்சது ஒரு தமிழ்நாட்டு கிளப். 2021-22 சீசன் அணிகள் பட்டியல்ல அதோட பேரே இல்ல. சென்னை சிட்டி எஃப்சி. நம்மள்ல பல பேருக்கு அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. கொஞ்சம் நீளமான கதை, பொறுமையா படிங்க.

2/ வேர் ரொம்ப பழசு. 1946-ல ஆரம்பிச்ச நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப்தான் பிற்பாடு சென்னை சிட்டி ஆச்சு. ரோஹித் ரமேஷ் உரிமையாளர். 2016-17 சீசனுக்கு கால்பந்து சம்மேளனம் ரெண்டு கிளப்புக்கு ஐ-லீக்ல நேரடி இடம் கொடுத்துச்சு. ஒண்ணு சென்னை சிட்டி, இன்னொண்ணு மினர்வா பஞ்சாப். இந்த ரெண்டாவது பேரை ஞாபகம் வச்சுக்கோங்க.

3/ முதல் ரெண்டு சீசன்லயும் பட்டியலோட அடிப்பகுதியிலதான் கிடந்தாங்க. இதுக்கு நடுவுல சொந்த மைதானம் சென்னை நேரு ஸ்டேடியத்துல இருந்து கோவை நேரு ஸ்டேடியத்துக்கு மாறிடுச்சு. பேர்ல சென்னை, ஆட்டம் 500 கிலோமீட்டர் தள்ளி.

4/ 2018-19-ல எல்லாமே மாறுச்சு. பயிற்சியாளர் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ். ஸ்பெயின்ல பெரிய பேர் இல்லாத லீக்ல ஆடிட்டிருந்த பெட்ரோ மான்சி, நெஸ்டர், சாண்ட்ரோ மாதிரி ஆட்கள். கூடவே நம்ம பசங்க எட்வின் வான்ஸ்பால், ரொமாரியோ, அஜித்குமார். முதல் ஆட்டத்துலயே மான்சி ஹாட்ரிக். சீசன் முடியறப்போ அவர் கணக்குல 21 கோல்.

5/ 2019 மார்ச் 9, கடைசி நாள். கோவையில எதிரணி யாரு? அதே மினர்வா பஞ்சாப், முந்தின வருஷ சாம்பியன். அதே நேரத்துல கோழிக்கோட்டுல ஒரே ஒரு புள்ளி பின்னாடி நிக்கிற ஈஸ்ட் பெங்கால், கோகுலம் கேரளாவோட ஆடுது. இங்க மூணாவது நிமிஷமே மினர்வா கோல் போட்டுட்டாங்க.

6/ ரெண்டாவது பாதியில மான்சி ஒரு பெனால்டி, கௌரவ் போரா ரெண்டு கோல். 3-1. கோழிக்கோட்டுல ஈஸ்ட் பெங்காலும் 2-1-னு ஜெயிச்சுட்டாங்க. முடிவு 43-க்கு 42. நம்ம ஆளுங்க டிரா பண்ணியிருந்தாக்கூட கோப்பை கொல்கத்தாவுக்குப் போயிருக்கும். ஐ-லீக் ஜெயிச்ச முதல் தமிழ்நாட்டு கிளப் இதுதான்.

7/ அடுத்து நடந்ததைக் கவனிங்க. அதே 2019-ல சுவிட்சர்லாந்தோட எஃப்சி பாசல் 26% பங்கு வாங்குச்சு. சந்தோஷமான செய்திதான். ஆனா அதே வருஷம் ஐஎஸ்எல்-ஐ நாட்டோட முதல் லீக்னு அறிவிச்சுட்டாங்க. ஐ-லீக் ஒரு படி கீழே இறங்குச்சு. சாம்பியனுக்கு மேலே போற கதவு 2022-23-ல தான் திறக்கும்னு திட்டம். அதாவது நம்ம கிளப் நாலு வருஷம் முன்னாடியே ஜெயிச்சுடுச்சு.

8/ அணி கலைஞ்சது. எட்வின் சென்னையின் எஃப்சிக்கு, மான்சி ஜப்பானுக்கு, அப்புறம் ரொமாரியோ கோவாவுக்கு, அஜித் பெங்களூருக்கு. 2020 ஜனவரியில ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதி ஆட்டத்துல பஹ்ரைனோட அல் ரிஃபாகிட்ட 0-1. மார்ச்ல ஏஎஃப்சி கோப்பையில மாலத்தீவோட மாசியாகூட 2-2. இந்த 'சொந்த மைதான' ஆட்டம் நடந்த ஊர் அகமதாபாத்!

9/ அப்புறம் கொரோனா. 2020-21 ஐ-லீக் முழுக்க மேற்கு வங்கத்துலயே நடந்துச்சு. சொந்த ஊர்ல ஒரு ஆட்டம் இல்ல, டிக்கெட் இல்ல, கூட்டம் இல்ல. அதுதான் அவங்க ஆடின கடைசி ஐ-லீக் சீசன்.

10/ இப்போ மினர்வாவுக்கு வாங்க. 2020-ல ரவுண்ட்கிளாஸ் நிறுவனம் அந்த கிளப்பை எடுத்துச்சு. 2022-23 ஐ-லீக்கை ஜெயிச்சு, பஞ்சாப் எஃப்சிங்கற பேர்ல ஐஎஸ்எல் போயிட்டாங்க. ஐ-லீக்ல ஜெயிச்சு மேலே போன முதல் கிளப். ஒரே நாள்ல ஒரே கதவு வழியா உள்ள வந்தவங்க. ஒருத்தர் மாடியில, இன்னொருத்தர் ஆளே இல்ல.

11/ ஆவடி, அம்பத்தூர் பக்கம் ஞாயித்துக்கிழமை மேட்ச் ஆடிட்டு, திங்கட்கிழமை முட்டி வீங்கி ஓபி-க்கு வர்ற பசங்களைப் பார்க்கிறேன். ரியல் மாட்ரிட் ஜெர்சி, செல்சி ஜெர்சி, சென்னையின் ஜெர்சி எல்லாம் வரும். சென்னை சிட்டி ஜெர்சி ஒண்ணுகூட பார்த்ததில்ல. அந்தப் பசங்க மேல தப்பில்ல. அவங்க ஊர் பேரை வச்சிருந்த அணி, கோவைக்கு மாறினதுக்கு அப்புறம், அவங்க பஸ் ஏறிப் போய் பார்க்கிற தூரத்துல ஆடவே இல்லையே.

12/ திறமை இல்லாம இந்த கிளப் காணாம போகல. இருந்தவங்கள்ல பல பேர் ஐஎஸ்எல்-ல ஆடினாங்க. ஜெயிச்சதுக்கு அப்புறம் ஏற ஒரு படியும், தோத்தாலும் வந்து உக்கார ஒரு ஊரும்தான் இல்ல. நாளைக்கே தமிழ்நாட்டுல ஒரு புது கிளப் வந்தா, யாரை வாங்கினாங்கன்னு கேக்கறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. மைதானம் எந்த ஊர்ல? ஜூனியர் அணி இருக்கா? ஜெயிச்சா எங்க போவாங்க?

கோவையில அந்த மார்ச் 9 ஆட்டத்தை நேர்ல பார்த்தவங்க யாராவது இருந்தா கீழே எழுதுங்க. உங்க ஞாபகத்துலயாவது அந்த கிளப் இருக்கட்டும்.