நார்மண்டியும் குயின் மேரியும்

மனிதன் கடலைக் கடந்தது நெடுங்காலம் வரை தேவையின் பொருட்டே. வணிகம், போர், பிழைப்பு, சமயப் பணி என ஏதேனும் ஒரு கடமை அவனைக் கப்பலில் ஏற்றியது. விடுமுறையைக் கழிக்கவென்றே கடலில் செல்வதும், அதற்கு எந்தக் கப்பல் ஏற்றது என இரண்டை அருகருகே வைத்து எண்ணிப் பார்ப்பதும் அண்மைக்கால வழக்கங்கள். இவ்வழக்கம் நடுத்தர மக்களிடையே பரவிய களங்களுள் முதன்மையானது வட அட்லாண்டிக் பெருங்கடல். 1936 முதல் 1939 வரை அக்கடலில் இரு பெருங்கப்பல்கள் எதிரெதிர் நின்றன. ஒன்று பிரான்சின் 'நார்மண்டி'. மற்றொன்று பிரித்தானியாவின் 'குயின் மேரி'. இவ்விரண்டையும் உலகம் ஒப்பிட்ட முறையும், பயணிகள் தேர்ந்த முறையும் வேறு வேறாக அமைந்தன. அவ்வேறுபாடு இன்றும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

குடியேறிகளின் தளத்தில் விடுமுறையாளர்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அட்லாண்டிக் கப்பல்களுக்குப் பெரும் வருவாய் ஈட்டித் தந்தவர்கள் மேல்தளத்துச் செல்வர் மட்டுமல்லர். அடித்தளத்தில் நெருக்கியடித்துச் சென்ற ஏழைக் குடியேறிகளும் ஆவர். 1921இலும் 1924இலும் அமெரிக்கா இயற்றிய சட்டங்கள் குடியேற்றத்திற்குக் கடும் வரம்பு விதித்தன. அடித்தளங்கள் வெறிச்சோடின. கப்பல் நிறுவனங்கள் அவ்விடங்களைத் துப்புரவு செய்து, சிறு அறைகளாகத் தடுத்து, படுக்கைக்கு வெண்விரிப்பு இட்டு, 'டூரிஸ்ட் மூன்றாம் வகுப்பு' எனப் புதுப்பெயர் சூட்டின. கோடை விடுமுறையில் ஐரோப்பாவைக் காண விழைந்த ஆசிரியர்களும் மாணவர்களும் அங்கு வந்து சேர்ந்தனர்.

குடியேறிக்குக் கப்பல் ஒரு வாயில் மட்டுமே. எப்படியேனும் கடந்தால் போதும். விடுமுறையாளனுக்கோ அதுவே சில நாள் குடியிருக்கும் வீடு. ஆகவே அவன் விலை கேட்டான், அறை கேட்டான், உணவு கேட்டான், பிற கப்பலோடு ஒப்பிட்டான். தேர்வு செய்யும் உரிமை உடைய பயணி இவ்வாறு தோன்றினான். அவன் மனத்தைக் கவரவே இரு நாடுகளும் தம் பெருங்கப்பல்களைக் கட்டின.

இரு பிறப்புகள்

நார்மண்டி 1932 அக்டோபர் 29 அன்று சேன் நசேர் துறையில் நீரில் இறக்கப்பட்டது. அதன் உடலமைப்பை வகுத்தவர் விளாதிமிர் யூர்கேவிச். முன்னர் உருசியக் கடற்படைக்குப் போர்க்கப்பல் வரைந்தவர். புரட்சிக்குப்பின் தாயகம் நீங்கிப் பிரான்சில் அடைக்கலம் புகுந்தவர். நீரைப் பிளந்து செல்ல ஏற்றவாறு அவர் வகுத்த வடிவினால், குறைந்த ஆற்றலிலேயே அக்கப்பல் மிகுந்த விரைவு கொண்டது. உலகப் பொருளாதார மந்தம் வாட்டிய ஆண்டுகளிலும் பிரெஞ்சு அரசின் பணம் அதன் கட்டுமானத்தைத் தாங்கியது.

குயின் மேரியின் பிறப்பு அத்துணை எளிதன்று. ஸ்காட்லாந்தின் கிளைடுபாங்க் நகரில், ஜான் பிரவுன் தளத்தில், 1930 டிசம்பரில் வேலை தொடங்கியது. 1931 டிசம்பரில் பணமின்றி நின்றது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் ஒரே நாளில் வேலை இழந்தனர். பெயரும் பெறாமல், '534' என்னும் எண்ணை மட்டுமே தாங்கி, அவ்வெலும்புக்கூடு ஊருக்கு மேலே இரண்டாண்டுகளுக்கும் மேலாகத் துருவேறி நின்றது. குனார்டு, ஒயிட் ஸ்டார் என்னும் போட்டி நிறுவனங்கள் இரண்டும் இணைய வேண்டும் என்ற நிபந்தனையுடன் அரசு கடன் வழங்கிய பின்னரே, 1934 ஏப்ரலில் சுத்தியல் ஒலி மீண்டும் எழுந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 26 அன்று அரசி மேரி தம் பெயரையே அதற்குச் சூட்டினார்.

அளவைகள் கூறியவை

நார்மண்டி 1935 மே 29 அன்று லே ஹாவரிலிருந்தும், குயின் மேரி 1936 மே 27 அன்று சவுதாம்டனிலிருந்தும் தம் முதற்பயணத்தைத் தொடங்கின. அன்று முதல் எண்களின் போர் மூண்டது. நார்மண்டியின் கொள்ளளவு தொடக்கத்தில் 79,280 டன். குயின் மேரியினுடையது 80,774 டன். தோல்வியைப் பொறாத பிரெஞ்சுக்காரர் பின்தளத்தில் ஒரு கூடத்தைக் கட்டிச் சேர்த்து 82,000 டன்னையும் தாண்டினர். விரைவுக்குரிய 'நீல நாடா' விருதை 1935இல் நார்மண்டி வென்றது. 1936இல் குயின் மேரி பறித்தது. 1937இல் நார்மண்டி மீட்டது. 1938இல் மீண்டும் குயின் மேரி கைக்கொண்டது. மேற்கு நோக்கிய பயணத்தில் கடைசி இரு சாதனைகளுக்கும் இடையே இருந்த வேறுபாடு ஒரு மணி நேரத்திற்குச் சற்று மிகுதி; அவ்வளவே. ஏறத்தாழ நான்கு நாள் கடலில் இருப்பவனுக்கு அது ஒரு வேளை உணவு உண்ணும் பொழுது.

அழகில் நார்மண்டிக்கு இணையில்லை என்பதே பலர் கருத்து. புகைபோக்கியின் அடிக்குழாய்களைக் கப்பலின் நடுவே செலுத்தாமல் இருபுறமும் பிரித்துச் செலுத்தியமையால், பெருங்கூடங்கள் தடையின்றி ஒன்றுக்குள் ஒன்றாக விரிந்தன. முதல் வகுப்பு உணவுக்கூடம் 305 அடி நீளம். வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தினும் நெடியது. அதற்குச் சாளரமே இல்லை. லாலிக் வடித்த கண்ணாடித் தூண்களே ஒளி சொரிந்தன. பறவைகள் பாடும் குளிர்காலத் தோட்டமும், நாடக அரங்கும் கப்பலுக்குள்ளேயே இருந்தன.

குயின் மேரி பழைய மரபில் நின்ற கப்பல். பேரரசின் பல நாடுகளிலிருந்து கொணர்ந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட மரவகைகள் அதன் சுவர்களை மூடின. புதுமை நாடிய விமர்சகர்கள் அதை விடுதிக் கூடம் போன்றது என்று குறைத்துப் பேசினர். புயற்காலத்தில் அது பெரிதும் உருளும் என்பதும் உண்மை. அதைத் தணிக்கும் துடுப்புகள் 1958இல்தான் பொருத்தப்பட்டன. எனினும் அதன் உணவுக்கூடத்தில் ஓர் இனிய ஏற்பாடு இருந்தது. சுவர் முழுதும் அட்லாண்டிக்கின் வரைபடம். அதில் படிகத்தால் செய்த ஒரு சிறு கப்பல். உண்மைக் கப்பல் நகர நகர அதுவும் நகரும். உண்ணும் பயணி தலை நிமிர்ந்தால், தான் இருக்கும் இடம் அவனுக்குத் தெரியும்.

பயணிகள் தேர்ந்தது

அளவைகள் பெரும்பாலும் நார்மண்டியின் பக்கம் நின்றன. பயணிகளோ குயின் மேரியையே நாடினர். நார்மண்டியின் இடங்கள் பல பயணங்களில் ஆறு பங்கும் நிரம்பவில்லை. நான்கு பங்கு வெறுமையாகவே கடல் கடந்தன. இதற்கான விடையில் ஒரு பகுதி, இரு கப்பல்களும் தம் இடங்களைப் பகிர்ந்த முறையிலேயே உள்ளது. நார்மண்டியின் 1,972 இடங்களில் முதல் வகுப்பு 848, டூரிஸ்ட் 670, மூன்றாம் வகுப்பு 454. குயின் மேரியின் 2,139 இடங்களில் உயர்வகுப்பு 776, டூரிஸ்ட் 784, மூன்றாம் வகுப்பு 579. அதாவது, நார்மண்டியில் பத்தில் நான்கு இடங்களுக்கு மேல் செல்வர்க்கே உரியவை. கப்பலின் சிறந்த வெளிகளும் அவர்களுக்கே. மந்தக் காலத்தில் கடல் கடந்தவருள் பெரும்பாலோர் அவ்வகையினர் அல்லர். அவர்களுக்கு உரிய இடத்தை அளித்தது குயின் மேரியே.

வரலாற்றாசிரியர் கூறும் இன்னொரு காரணமும் உண்டு. நார்மண்டியின் மாளிகைக் கூடங்களில் சிலருக்குத் தம் உடையும் நடையும் போதாவோ என்ற கூச்சம் எழுந்தது. எழுநூறு பேர் அமரும் ஒளிக்கூடத்தில், படிக்கட்டில் இறங்கி வருவதே ஓர் அரங்கேற்றம். குயின் மேரியின் மரச்சுவர்களும் சாய்வு நாற்காலிகளும் எவரையும் சோதிக்கவில்லை. விருந்தினர் முகம் வாடாமல் காப்பதே விருந்தோம்பலின் உயிர் என்பது தமிழ் மரபு. அவ்வளவுகோல் எந்தக் கப்பல் விளம்பரத்திலும் அச்சிடப்படவில்லை. பயணிகள் கைக்கொண்டதோ அதையே. விடுமுறைக்கெனவே நார்மண்டி 1938 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து ரியோ டி ஜெனீரோவுக்குச் சென்றபோது அது பெரும் புகழ் ஈட்டியது. ஆயினும் ஆண்டு முழுதும் கப்பலைத் தாங்கப் புகழ் போதவில்லை.

போரும் முடிவும்

1939 செப்டம்பரில் போர் மூண்டபின் இரு கப்பல்களும் நியூயார்க்கில் அடுத்தடுத்த துறைமேடைகளில் கட்டப்பட்டுக் கிடந்தன. குயின் மேரி 1940 மார்ச்சில் சாம்பல் நிறம் பூண்டு படைகளைச் சுமக்கப் புறப்பட்டது. 1942 அக்டோபர் 2 அன்று, தனக்குக் காவலாக வந்த 'குராகோவா' என்னும் போர்க்கப்பலையே இரு துண்டாக வெட்டிச் சென்றது. முந்நூறுக்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். நீர்மூழ்கிகளுக்கு அஞ்சி, அவர்களை மீட்க நிற்கவும் அதற்கு ஆணையில்லை. 1943 சூலையில் ஒரே பயணத்தில் 16,683 பேரைச் சுமந்தது. இரண்டாயிரவர்க்கென அமைந்த கப்பலில் வீரர்கள் முறைவைத்து உறங்கினர்.

நார்மண்டியை அமெரிக்கா கையகப்படுத்தி, 'லஃபாயெத்' எனப் பெயர் மாற்றிப் படைக்கப்பலாக்க முனைந்தது. 1942 பிப்ரவரி 9 அன்று, பெருங்கூடத்தில் இரும்பை வெட்டும்போது பறந்த தீப்பொறி, அங்கே குவித்திருந்த உயிர்காப்பு அங்கிகளில் விழுந்தது. அவற்றுள் அடைத்திருந்தது இலவம் பஞ்சு. கடலில் உயிர் காக்க வேண்டிய பஞ்சு கரையில் கப்பலை எரித்தது. தீயணைக்க இறைத்த நீர் மேல்தளங்களில் தேங்க, மறுநாள் விடியுமுன் கப்பல் பக்கவாட்டில் சாய்ந்தது. அதை வகுத்த யூர்கேவிச் நியூயார்க்கிலேயே இருந்தார். உதவ முன்வந்தும் அவர் பேச்சு ஏற்கப்படவில்லை. 1946இல் அது பழைய இரும்பாக விற்கப்பட்டது.

எஞ்சியவை

குயின் மேரிக்கும் விடுமுறைக் காலம் நிலைக்கவில்லை. 1958இல் அட்லாண்டிக்கை விமானத்தில் கடந்தோர் தொகை கப்பலில் கடந்தோரை விஞ்சியது. வெப்பக் கடல்களில் உல்லாசப் பயணம் விட முயன்றபோது, அறைகளில் குளிரூட்டல் இல்லாமை குறையாயிற்று. உடல் அகன்றதால் பனாமாக் கால்வாயிலும் நுழைய இயலவில்லை. 1967இல் தென் அமெரிக்க முனையைச் சுற்றிக் கலிபோர்னியாவின் லாங் பீச் சேர்ந்த அக்கப்பல், இன்றும் அங்கே தங்கும் விடுதியாக நிற்கிறது.

நார்மண்டி சிதறிய நிலையில் வாழ்கிறது. அதன் பெருங்கூடத்துக் கண்ணாடிச் சுவரோவியம் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ளது. உணவுக்கூடத்தின் வெண்கலக் கதவுகள் புரூக்ளினில் ஒரு தேவாலயத்தின் வாயிலாயின. முதல் வகுப்புச் சீட்டு உடையோர்க்கே அன்று திறந்த அக்கதவுகள், இன்று வழிபட வரும் எவர்க்கும் திறக்கின்றன.

இவ்விரு கப்பல்களுள் எது சிறந்தது என்ற வினா, யாருக்கு என்ற சொல் இன்றி நிறைவு பெறுவதில்லை. கட்டியவர் நீளத்தையும் விரைவையும் ஒளியையும் அளந்தனர். விடுமுறைக்குச் சில நாளே வாய்த்த ஆசிரியையோ, அந்நாட்களில் தான் எப்படி இருக்கக் கூடும் என்பதை அளந்தாள். அழகைப் படைப்போர்க்கு நார்மண்டியின் கண்ணாடித் தூண்களும் பாடம். அவற்றைச் சுற்றி வெறுமையாய்க் கிடந்த நாற்காலிகளும் பாடம்.