எமது நாவில் ஆங்கிலம் வந்த வழி

எமது பழைய மாணவிகள் சங்கம் நூறு ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், ஒரு சிறு வரலாற்றை இம்மலரில் பதிவு செய்ய விரும்புகிறோம். யாழ்ப்பாணத்துப் பெண்களின் நாவில் ஆங்கிலம் எந்த உச்சரிப்போடு வந்து சேர்ந்தது என்பதே அது. எம் சகோதரிகள் இன்று கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழ்கிறார்கள். ஒன்றுகூடும்போதெல்லாம், “பிரித்தானிய உச்சரிப்புச் சரியா, அமெரிக்க உச்சரிப்புச் சரியா?” என்ற கேள்வி எழுகிறது. அதற்கான விடையின் பெரும்பகுதி எம் மண்ணின் வரலாற்றிலேயே இருக்கிறது.

இலங்கை பிரித்தானியர் ஆட்சியில் இருந்தபோதும், யாழ்ப்பாணத்தில் ஆங்கிலக் கல்விக்கு முன்னின்றவர்களில் அமெரிக்கரும் இருந்தனர். 1816இல் தெல்லிப்பழையில் பணி தொடங்கிய டானியல் பூவர் மசாசூசெற்ஸைச் சேர்ந்தவர். 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையை ஆரம்பித்த ஹரியற் வின்சிலோ அம்மையார் கனெக்ரிகற்றில் பிறந்தவர். வெஸ்லியன் மிஷனும் இங்கிலாந்துத் திருச்சபை மிஷனும் நடத்திய பாடசாலைகளுக்கு இங்கிலாந்திலிருந்து ஆசிரியர்கள் வந்தனர். 1913இல் மருதனார்மடத்தில் தோன்றிய இராமநாதன் கல்லூரியை வழிநடத்திய லீலாவதி அம்மையாரோ அவுஸ்திரேலியாவில் பிறந்தவர். இச்சிறு குடாநாட்டின் பெண்கள் தொடக்கம் முதலே பல ஆங்கிலங்களைக் கேட்டு வளர்ந்தார்கள்.

இரு நாட்டு உச்சரிப்புகளும் அக்காலத்திலேயே பிரியத் தொடங்கியிருந்தன. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டன் பேச்சில் ‘கார்’, ‘டோர்’ போன்ற சொற்களின் இறுதி ‘ர்’ மங்கி மறைந்தது. ‘டான்ஸ்’, ‘பாத்’ என்பவற்றில் ‘ஆ’ நீண்டு ஒலிக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். பொஸ்ரன் பகுதியிலும் ‘ர்’ மங்கியது; அமெரிக்காவின் பெரும்பகுதி பழைய ஒலிகளைக் காத்துக்கொண்டது. ஆகவே அமெரிக்கர் ஆங்கிலத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்ற பேச்சு பொருந்தாது. இந்த இரண்டிலும் பழையது அவர்களுடையது, புதுமை லண்டனுடையது.

‘முறையான ஆங்கிலம்’ என்று எம் பாட்டிமார் மதித்த உச்சரிப்பும் மிகப் பழையதன்று. டானியல் ஜோன்ஸ் 1917இல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதி, தென்இங்கிலாந்தின் வசதியான விடுதிப் பாடசாலைகளில் படித்தோரின் பேச்சைப் பதிவு செய்தது. 1922இல் தொடங்கிய பி.பி.சி. வானொலி அந்த வகைப் பேச்சை உலகெங்கும் கொண்டுசென்றது. இங்கிலாந்து மக்களிலேயே சிறு பகுதியினர்தான் அவ்வாறு பேசுகிறார்கள்.

எம் தமிழின் காதும் கூர்மையானது. தமிழ்நாட்டார் ‘டாக்டர்’, ‘காலேஜ்’ என்று எழுத, நாம் ‘டொக்டர்’, ‘கொலிஜ்’ என்று எழுதுகிறோம். பிரித்தானியரின் உதடு குவிந்த ஒலி எம் எழுத்தில் தங்கிவிட்டது. ‘ரயர்’, ‘ரிக்கற்’, ‘பற்றறி’ என்று எழுதுவதும் அப்படித்தான். ஆங்கிலேயரின் நாக்கு எமது ‘ட’வுக்குப் போல மேலே வளையாமல் பல்லீறை அண்டியே நிற்கிறது என்பதை எம் முன்னோர் கேட்டறிந்து எழுதினார்கள்.

எமது தலைமுறையின் கதை வேறு. 1990இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றபின், துவிச்சக்கரவண்டி டைனமோவைச் சுழற்றித்தான் வானொலி கேட்டோம். ஒலிநாடாக்கள் பயனற்றுப்போயின. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் புத்தகங்களும் சிதறின. எமக்குக் கேட்ட ஆங்கிலம் எம் ஆசிரியைகளின் குரல் மட்டுமே. அவர்களிற் பலர் ஒரு வெளிநாட்டையும் காணாதவர்கள். ஆயினும் ஒவ்வொரு சொல்லையும் வாயைத் திறந்து, முழுமையாகச் சொல்லப் பழக்கினார்கள். தமிழில் உயர்தரம் படித்துவிட்டு ஆங்கிலத்தில் மருத்துவம் கற்கச் சென்றபோது அப்பயிற்சியே எம்மைத் தாங்கியது.

மருத்துவத்தில் உச்சரிப்பு நாகரிகம் பற்றிய விடயமன்று, உயிரோடு தொடர்புடையது. ஆங்கிலத்தில் பதினைந்தைச் சொல்லும்போது அழுத்தம் பின்பாதியிலும், ஐம்பதைச் சொல்லும்போது முன்பாதியிலும் விழும். தமிழில் அழுத்தம் பொருளை மாற்றுவதில்லையாதலால், நாம் இரண்டையும் ஒரே விதமாகச் சொல்லிவிடக்கூடும். மருந்தின் அளவில் 15 மில்லிகிராமுக்கும் 50 மில்லிகிராமுக்கும் இடையே எவ்வளவு தூரம்! அதனால்தான் ‘ஒன்று, ஐந்து’ என்று இலக்கங்களைப் பிரித்துச் சொல்லும் வழக்கம் வைத்தியசாலைகளில் உண்டு. ‘முடியாது’ என்பதற்குப் பிரித்தானியர் ‘கான்ற்’ என்று நீட்டுவார்கள். அமெரிக்கர் ‘கேன்ற்’ என்று சொல்லி இறுதி ஒலியைப் பாதி விழுங்குவார்கள். ‘முடியும்’ என்பது போலவே கேட்கும். சத்திரசிகிச்சைக்கு முன் உணவு உண்ணலாமா கூடாதா என்று சொல்லும்போது, ‘கனொற்’ என்று முழுச்சொல்லையும் சொல்வதே பாதுகாப்பு.

இன்று கற்கும் எம் தங்கைமாருக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான். பிரித்தானியரைப் போலவோ அமெரிக்கரைப் போலவோ பேசவில்லையே என்று வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்ளாதீர்கள். இரண்டையும் கேட்டு விளங்கும் காதைப் பழக்குங்கள். சொல்லின் அழுத்தத்தையும் இறுதி ஒலியையும் காப்பாற்றுங்கள். எதிரிலிருப்பவருக்கு விளங்கியதா என்று ஒருமுறை கேளுங்கள். மின்சாரமற்ற வகுப்பறைகளில் தம் குரலையே ஒலிநாடாவாக்கி எம்மை ஆளாக்கிய ஆசிரியைகள் அனைவருக்கும் இந்நூற்றாண்டு வேளையில் எம் நன்றி உரித்தாகுக.