ஹைடன்ஹைனின் 70 லிட்டர்: ஒரு மறுவாசிப்பு

சிறுநீர் உருவாவதைப் பற்றிய ஆராய்ச்சியின் வரலாற்றை எழுதியோர் பலரும் பிரெஸ்லாவ் நகரின் ருடால்ஃப் ஹைடன்ஹைனைத் தோற்றவர் வரிசையில் உட்காரவைத்திருக்கிறார்கள். 1883இல் வெளிவந்த உடலியல் கையேட்டில் அவர் போட்ட ஒரு கணக்கு அதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. சிறுநீரிலுள்ள யூரியா முழுவதும், கார்ல் லுட்விக் கருதியதுபோல, சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக்குழாய் முடிச்சான குளோமருலஸில் வடிகட்டப்பட்டே வருகிறது என்று வைத்துக்கொண்டால், சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 70 லிட்டர் திரவத்தை வடிகட்டியாக வேண்டும். வெளியேறும் ஒன்றரை லிட்டர் போக மீதியை எல்லாம் நுண்குழல்கள் திரும்ப உறிஞ்சியாக வேண்டும். இது நம்பத்தக்கதல்ல என்று ஹைடன்ஹைன் ஒதுக்கினார். உண்மையில் வடிவது சுமார் 180 லிட்டர் என்று பின்னாளில் தெரிந்ததும், பெரிய எண்ணைக் கண்டு மிரண்டவர் என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது.

அவருடைய முடிவு தவறு என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் முடிவைத் தள்ளும்போது கணக்கையும் சேர்த்துத் தள்ளுவது வழக்கமாகிவிட்டது. அங்குதான் இக்கட்டுரை மாறுபடுகிறது.

கணக்கின் உறுப்புகள் இரண்டே. ஒரு நாளில் வெளியேறும் யூரியா 35 கிராம். இரத்தத்தில் அதன் செறிவு 0.05 விழுக்காடு, அதாவது லிட்டருக்கு அரை கிராம். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 70 லிட்டர். வெளியேறிய அளவை இரத்தச் செறிவால் வகுப்பது என்ற இந்தச் செய்முறையைச் சிறுநீரக மருத்துவம் அறிந்த எவரும் உடனே இனங்கண்டுகொள்வார். 1928இல் வான் ஸ்லைக்கும் உடன் உழைத்தவர்களும் 'கிளியரன்ஸ்' என்று பெயரிட்டது இதே வகுத்தலுக்குத்தான். நாளுக்கு 70 லிட்டர் என்பதை நிமிடக் கணக்கில் மாற்றினால் 48.6 மில்லிலிட்டர் வருகிறது. நிமிடத்துக்கு ஒரு மில்லிலிட்டர் சிறுநீர் வெளியேறும் நிலையில் வான் ஸ்லைக் குழு கண்ட யூரியா கிளியரன்ஸின் சராசரி 54 மில்லிலிட்டர். 45 ஆண்டு இடைவெளியையும், 1883இன் வேதியியல் முறைகள் எவ்வளவு கரடானவை என்பதையும் எண்ணிப் பார்த்தால் இந்த நெருக்கம் வியப்பூட்டுகிறது. இரத்த யூரியாவை அவர் சற்று மிகுதியாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார் என்றும் தோன்றுகிறது, லிட்டருக்கு 0.4 கிராம் என்று கொண்டால் விடை 87.5 லிட்டர், நிமிடத்துக்குச் சுமார் 61 மில்லிலிட்டர். இரண்டு எண்களுக்கும் நடுவே வான் ஸ்லைக்கின் 54 அமர்கிறது.

ஆக, ஹைடன்ஹைன் கையில் இருந்தது மனிதனின் யூரியா கிளியரன்ஸ். அது வடிகட்டும் வீதத்துக்குக் குறைந்தபட்ச வரம்பு. வடிந்த யூரியாவில் ஏறத்தாழப் பாதி நுண்குழல்களில் இரத்தத்துக்கே திரும்பிவிடுவதால் உண்மையான வீதம் அதைவிடக் கூடுதலாகத்தான் இருக்க முடியும். நிமிடத்துக்கு 125 மில்லிலிட்டர் என்ற இன்றைய மதிப்பு அதன் இரு மடங்கைத் தாண்டுகிறது. நம்ப முடியாத அளவு பெரிது என்று அவர் தள்ளிய எண், உண்மைக்கு மிகச் சிறியது.

பிற்காலக் கருத்தை முற்காலத்தவர் மேல் ஏற்றுவதாக இதை மறுக்கலாம். ஹைடன்ஹைன் எதையும் அளக்க முனையவில்லை. எதிர்த்தரப்பை அபத்தத்தில் கொண்டுபோய் நிறுத்தவே கணக்குப் போட்டார் என்பது மெய். அவருடைய நோக்கம் என்ன என்பது வேறு கேள்வி. தாளில் இருக்கும் வகுத்தல் நோக்கத்துக்கேற்ப மாறிவிடாது. எண்களின் ஒற்றுமை தற்செயல் என்ற மறுப்பும் நிற்காது: ஒரே அளவை ஒரே வழியில் கணக்கிட்ட இருவர் நெருங்கிய விடையை அடைவதில் தற்செயலுக்கு இடமேது?

அப்படியானால் அவர் ஏன் மறுத்தார்? எண்ணின் பருமன் மட்டும் காரணமாக இருந்திருக்காது. அவர் கையில் நேர்ச் சான்று ஒன்று இருந்தது; மிரண்டார் என்போர் அதை ஓரிரு வரியில் கடந்துவிடுகிறார்கள். 1870களில் அவர் விலங்கின் தண்டுவடத்தைத் துண்டித்து, இரத்த அழுத்தம் வீழ்ந்து சிறுநீர் நின்ற நிலையில், இண்டிகோ கார்மைன் என்ற நீலச் சாயத்தை இரத்தத்தில் செலுத்தினார். பிறகு சிறுநீரகத்தை அறுத்துப் பார்த்தபோது சுருள் நுண்குழல்களில் நீலம் இருந்தது. குளோமருலஸைச் சூழ்ந்திருக்கும் பௌமானின் கிண்ணங்கள் நிறமற்றுக் கிடந்தன. சிறுநீரகப் பரப்பின் ஒரு பகுதியை வெள்ளி நைட்ரேட்டால் சுட்டு, அங்கே நீர் வடியாமல் செய்தும் பார்த்தார். அப்பகுதியில் சாயம் புறணியிலேயே தங்கிவிட்டது. மற்ற இடங்களில் அகணிக்கு இறங்கியிருந்தது. சாயத்தைத் தருவது குழலின் செல். அதை அடித்துச் செல்வது குளோமருலஸின் நீர். இந்தக் காட்சியைக் கண்ணால் கண்ட ஒருவர் யூரியாவும் அவ்வாறே சுரக்கிறது என்று எண்ணியதில் பிழை உண்டு, பேதைமை இல்லை. ஒரு பொருளுக்குக் காட்டியதை எல்லாப் பொருளுக்கும் நீட்டினார் என்பதே அந்தப் பிழை.

அதே பிழையை மறுபுறமிருந்து வடிகட்டல் தரப்பும் செய்தது. 1917இல் நூலெழுதி லுட்விக்கின் கருத்துக்கு உயிரூட்டிய குஷ்னி, குழல்கள் சுரக்கின்றன என்பதையே ஏற்கவில்லை. 1923இல் மார்ஷலும் விக்கர்ஸும் நாய்களில் பீனால் ரெட் சாயத்தைக் கொண்டு குழல் சுரப்பை நிறுவினார்கள். குளோமருலஸே இல்லாத மீன்களும் சிறுநீர் உண்டாக்குகின்றன என்பதை மார்ஷல் தொடர்ந்து காட்டினார். இண்டிகோ கார்மைன் விஷயத்தில் ஹைடன்ஹைன் சொன்னது அப்படியே நிலைக்கிறது.

வடிகட்டலை ஐயமற நிறுவியது எண்களல்ல. பென்சில்வேனியாவில் ரிச்சர்ட்ஸும் வேர்னும் தவளையின் பௌமான் கிண்ணத்துக்குள் நுண்குழாயைச் செலுத்தி, 1924இல் வெளியிட்ட சோதனை அது. எடுத்த திரவத்தில் புரதம் இல்லை. சர்க்கரையும் குளோரைடும் இருந்தன, அவை சிறுநீர்ப்பையில் காணப்படாத நேரத்திலும். வடிந்தவை வழியில் திரும்ப உறிஞ்சப்படுகின்றன என்பது அத்தோடு தெளிவாயிற்று. அதற்குப் பிறகுதான் பெரிய எண்ணைச் சொல்ல ஆய்வாளர்களுக்குத் துணிவு வந்தது.

1926இல் கோபன்ஹேகனில் ரேபெர்க் கிரியேட்டினினை எடுத்துக்கொண்டு ஹைடன்ஹைன் போட்ட அதே கணக்கைப் போட்டார். விடை முன்னதைவிடப் பெரிதாக வந்தது. அவர் அதை அபத்தம் என்று விலக்கவில்லை, வடிகட்டும் வீதம் என்றே அறிவித்தார். யூரியாவின் எண் குறைவாக வந்ததற்குக் காரணம் குழல்கள் அதை மீள உறிஞ்சுவது. கிரியேட்டினினின் எண் மனிதரில் சற்றுக் கூடுதலாக வருவதற்குக் காரணம், குழல்கள் அதைச் சிறிது சுரப்பது. ஹைடன்ஹைன் விடாமல் வாதித்த அதே செயல். உறிஞ்சப்படாமலும் சுரக்கப்படாமலும் செல்லும் இனுலின் 1930களில் வழக்குக்கு வந்தபோது, கிடைத்த மதிப்பு அந்த இரண்டுக்கும் இடையில் விழுந்தது.