செம்பட்டையும் பொன்னிறமும்: கூந்தல் நிறத்தின் வரலாறு சொல்லும் பாடம்





நம் திண்டுக்கல் வட்டாரத்தில் ஒரே நிறத்திற்கு இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. ஒரு பெண்பிள்ளையின் தலைமுடி பிறப்பிலேயே சற்றுப் பழுப்பாகவோ செம்மையாகவோ இருந்தால் அதற்குப் பெயர் 'செம்பட்டை'. அது கறுக்க வேண்டும் என்று நன்னிமார்கள் கரிசலாங்கண்ணித் தைலம் காய்ச்சுவார்கள். பெண் பார்க்க வருபவர்கள் அதை ஒரு குறையாகவே எண்ணித் தமக்குள் பேசிக்கொள்வார்கள். அதே பிள்ளை சில ஆண்டுகள் கழித்து அழகு நிலையத்தில் பணம் கொடுத்து அதே நிறத்தைப் பூசிக்கொண்டு வந்தால் அதற்குப் பெயர் 'கோல்டன் ஹைலைட்'. இயற்கையாக வந்தபோது இழிவாக இருந்த நிறம், விலை கொடுத்து வாங்கப்பட்டபோது நாகரிகமாகி விடுகிறது.

பெண்கள் மதரஸாக்களில் இக்காலத்தில் அடிக்கடி எழுப்பப்படும் கேள்விகளில் ஒன்று, முடிக்குப் பொன்னிறம் பூசலாமா என்பது. 'கூடும்', 'கூடாது' என்று ஒரே சொல்லில் விடை கூறிவிட்டால் கேள்வி அடங்கும். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் மனநிலை அடங்காது. எனவே முதலில் வரலாற்றைப் பார்ப்போம்.

ரோமாபுரியின் ஆசை

பொன்னிறக் கூந்தலின் மீதான மோகம் சினிமாவோடு பிறந்தது அன்று. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ரோமாபுரியின் செல்வக் குடும்பத்துப் பெண்கள் அதற்காக ஏங்கினர். ரோமானியப் படைகள் வடக்கே ஜெர்மானியக் குடிகளோடு போரிட்டன. சிறைப்பட்ட பெண்களின் பொன்னிறக் கூந்தல் ரோம் நகருக்கு வந்து சவுரியாக விலைபோனது. சாயத்தைப் பூசிப் பூசித் தன் முடியை முற்றிலும் இழந்த ஒரு பெண், பின்னர் ஜெர்மானியக் கைதியின் முடியை அணிந்துகொண்டதைக் கவிஞர் ஓவிட் கேலியும் வருத்தமும் கலந்து பாடியிருக்கிறார்.

ஏறத்தாழ கி.பி. 200-இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் வாழ்ந்த கிறிஸ்தவ அறிஞர் தெர்துல்லியன், குங்குமப்பூ நிறத்தில் முடிக்குச் சாயமேற்றும் பெண்களைக் கண்டித்து எழுதினார். தாங்கள் ஜெர்மனியிலோ கால் நாட்டிலோ பிறக்கவில்லையே என்று தங்கள் சொந்த இனத்தை எண்ணி வெட்கப்படுகிறார்களா என்பதே அவருடைய கண்டனத்தின் சாரம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தோற்றவர்கள் வென்றவர்களின் உடையையும் நடையையும் பின்பற்றுவார்கள் என்று இப்னு கல்தூன் (ரஹ்) தமது 'முகத்திமா'வில் விளக்கினார்கள். ஐரோப்பியர் ஆண்ட நாடுகளில் பொன்னிறம் உயர்வாகக் கருதப்பட்டதற்கு அந்த விளக்கம் பொருந்துகிறது. ஆனால் ரோமாபுரியில் வென்றவர்களே தோற்றவர்களின் கூந்தலுக்கு ஆசைப்பட்டனர். ஆகவே ஆட்சியதிகாரம் மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்ல இயலாது. தன்னிடம் இல்லாததையும் அரிதாகக் கிடைப்பதையும் நாடும் மனித நஃப்ஸுக்கும் இதில் பங்கு உண்டு.

நபிகளாரின் காலத்தில்

அரபு மக்கள் ரோமானியரை 'பனூ அஸ்ஃபர்', அதாவது மஞ்சள் நிறத்தாரின் மக்கள் என்று அழைத்தனர். ஹதீஸ்களிலும் இச்சொல் இடம்பெற்றுள்ளது. அந்த நிறம் அவர்களுக்கு அயலாரை நினைவூட்டியது என்பது இதிலிருந்து விளங்கும்.

ஆயினும் முடிக்குச் சாயமிடும் பழக்கம் ஸஹாபாக்களிடையே பரவலாக இருந்தது. ஹிஜ்ரி 8-இல் மக்கா வெற்றியின்போது, அபூபக்ர் (ரலி) அவர்களின் முதிய தந்தை அபூ குஹாஃபா (ரலி) அழைத்துவரப்பட்டார்கள். அவர்களுடைய தலைமுடியும் தாடியும் முழுவதும் வெளுத்திருந்தன. அதை ஏதேனும் ஒன்றால் மாற்றுமாறும் கறுப்பைத் தவிர்க்குமாறும் நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள் (முஸ்லிம்). யூதர்களும் கிறிஸ்தவர்களும் நரைக்குச் சாயமிடுவதில்லை. எனவே நீங்கள் அவர்களுக்கு மாறுசெய்யுங்கள் என்ற கருத்தில் வந்த நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அபூபக்ர் (ரலி) அவர்கள் மருதாணியையும் 'கதம்' என்னும் செடியையும் கலந்து பூசினார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் தமது தாடிக்கு மஞ்சள் நிறமே இட்டார்கள் என்று அபூதாவூதில் பதிவாகியுள்ளது.

ரோமானியரை 'மஞ்சள் நிறத்தார்' என்று அழைத்த அதே சமூகத்தில், ஸுன்னத்தைப் பேணுவதில் மிகுந்த கண்டிப்புடைய ஒரு ஸஹாபி மஞ்சள் சாயமிட்டார்கள். எந்த நிறமும் எந்த இனத்தாருக்கும் தனிச்சொத்து என்று அவர்கள் கருதவில்லை என்பதை இதிலிருந்து நாம் உணரலாம்.

சாயத்தில் காட்டப்பட்ட இந்த விசாலம் ஒட்டுமுடியில் காட்டப்படவில்லை. அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி) அறிவிக்கும் செய்தி உள்ளத்தை உருக்குவது. ஒரு தாய் நபியவர்களிடம் வந்தார். தம் மகளுக்கு நோய் கண்டு முடி உதிர்ந்துவிட்டது; திருமணமும் நடக்கவிருக்கிறது; ஒட்டுமுடி வைக்கலாமா என்று கேட்டார். ஒட்டுமுடி வைப்பவளையும் வைத்துக்கொள்பவளையும் நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள் (புகாரி, முஸ்லிம்). பிற்காலத்தில் முஆவியா (ரலி) அவர்கள் மதீனாவின் மிம்பரில் ஒரு முடிக்கற்றையைக் கையில் பிடித்துக் காட்டி, மக்களை எச்சரிக்காத அறிஞர்களைக் கடிந்துகொண்டார்கள்.

அந்தலுஸின் அரண்மனையில்

முஸ்லிம்களின் வரலாற்றிலும் பொன்னிறக் கூந்தலுக்கு ஒரு தனி அத்தியாயம் உண்டு. ஸ்பெயினின் குர்துபாவில் கி.பி. 994-இல் பிறந்த இமாம் இப்னு ஹஸ்ம் (ரஹ்) 'தவ்குல் ஹமாமா' என்னும் நூலில் இது குறித்து எழுதியுள்ளார்கள். இளமையில் பொன்னிறக் கூந்தலுடைய ஒரு பெண்ணை நேசித்ததாகவும், அதன்பின் கருங்கூந்தல் தம் மனத்திற்குப் பிடிக்காமல் போனதாகவும் குறிப்பிடுகிறார்கள். தம் தந்தைக்கும், அந்தலுஸை ஆண்ட உமையா கலீஃபாக்களில் பலருக்கும் அதே விருப்பம் இருந்ததாம். வடபுலத்துத் தாய்மார்களிடம் பிறந்ததால் அந்தக் கலீஃபாக்களில் பலரும் பொன்னிற முடியுடையவர்களாகவே இருந்தனர்.

பொன்னிறத்தைக் குறையாகச் சொல்பவர்களுக்கு இப்னு ஹஸ்ம் கவிதையில் மறுப்பும் எழுதினார்கள். மறுப்பு எழுதும் அளவுக்கு அதைப் பழித்தவர்களும் அங்கே இருந்திருக்கிறார்கள் என்பது இதனால் புலனாகிறது. குர்துபாவில் பழிக்கப்பட்டது பொன்னிறம். நம் ஊரில் பழிக்கப்படுவது செம்பட்டை. பழிக்கும் குணம் ஒன்றே.

இரசாயனம் வந்த பிறகு

மருதாணி முடியின் மேல் தன் நிறத்தை ஏற்றும். முடியில் உள்ள கறுப்பை அது நீக்காது. எனவே கருங்கூந்தல் மருதாணியால் ஒருபோதும் பொன்னிறமாகாது. அதற்கு முடியில் இயற்கையாக உள்ள மெலனின் நிறமியை அழிக்க வேண்டும். அந்த வேலையைச் செய்யும் ஹைட்ரஜன் பெராக்சைடை 1818-இல் பிரெஞ்சு வேதியியலாளர் தெனார் கண்டறிந்தார். 1867-இல் பாரிஸ் கண்காட்சியில் அது முடியை வெளுக்கும் மருந்தாக அறிமுகமானது. 1907-இல் யூஜின் ஷூலர் செயற்கை முடிச்சாயத்தை உருவாக்கினார். பின்னர் ஹாலிவுட் படங்கள் அந்தப் பொன்னிறத்தை உலகெங்கும் கொண்டு சென்றன.

நம் தமிழ்ப் பெண்களின் முடி அடர்ந்த கறுப்பு. அதைப் பொன்னிறமாக்க வலுவான பிளீச் தேவைப்படுகிறது. அது முடியின் மேற்செதிலைத் திறந்து உள்ளே சென்று நிறமியை அழிக்கிறது. முடி வறண்டு எளிதில் உடையும் தன்மையை அடைகிறது. உச்சந்தலைத் தோலில் பட்டால் புண்ணும் உண்டாகலாம்.

நம் மண்ணின் கதை

திண்டுக்கல்லுக்கு மேற்கே இருக்கும் பழனியில், நம் இந்துச் சகோதரர்கள் நேர்ச்சைக்காக முடியிறக்குகிறார்கள். காணிக்கையாகச் சேரும் அந்த முடி ஏலம் விடப்படுகிறது. திருப்பதி, திருத்தணி போன்ற ஊர்களிலும் இதே நடைமுறை. நீளமான முடி தரம் பிரிக்கப்பட்டு ஏற்றுமதியாகிறது. அயல்நாட்டுத் தொழிற்கூடங்களில் பல நாள் ஊறவைத்து அதன் கறுப்பை நீக்கி, பொன்னிறமும் பழுப்பும் ஏற்றி, சவுரியாகவும் விக்காகவும் விற்கிறார்கள். நம் சமவெளியில் வாழும் ஓர் ஏழைத் தாயின் கருங்கூந்தல், கடல் கடந்து போய்ப் பொன்னிறமாகி ஒரு செல்வந்தப் பெண்ணின் தலையில் அமரலாம். அன்று ஜெர்மானியக் கைதியின் பொன்முடி ரோமுக்குப் போனது. இன்று நம் நாட்டுக் கருமுடி பொன்முடியாகி ஐரோப்பாவுக்குப் போகிறது.

2004-ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்த வணிகம் ஒரு மார்க்கப் பிரச்சினையாகவும் வெடித்தது. திருமணமான யூதப் பெண்களில் ஒரு பிரிவினர் தங்கள் சொந்த முடியை மறைக்க விக் அணிவது வழக்கம். அந்த விக்குகளில் திருப்பதியில் இறக்கப்பட்ட முடி கலந்திருப்பதால், அது வழிபாட்டோடு தொடர்புடையது என்று கூறி, இஸ்ரேலின் மூத்த யூத அறிஞர் எல்யாஷிவ் தடை விதித்தார். நியூயார்க்கின் புரூக்ளினிலும் இஸ்ரேலிலும் பெண்கள் விலையுயர்ந்த விக்குகளைத் தெருவில் குவித்துத் தீயிட்டனர்.

நம் ஃபிக்ஹ் இவ்விஷயத்தை வேறொரு வாசலால் அணுகுகிறது. திண்டுக்கல்லில் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றும் ராவுத்தர் குடும்பங்களே மிகுதி. அந்த மத்ஹபின் புகழ்பெற்ற நூலாகிய 'ஹிதாயா'வில் மனித முடியை விற்பது கூடாது என்று சொல்லப்பட்டுள்ளது. மனிதன் கண்ணியப்படுத்தப்பட்டவன், அவன் உடலின் எந்த உறுப்பும் சரக்காகி மதிப்பிழக்கக் கூடாது என்பதே காரணம். எண்ணூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்தச் சட்டம், பழனியில் முடி கொடுத்த தாயின் கண்ணியத்தையும் சேர்த்தே காக்கிறது.

மார்க்கத்தின் நிலைப்பாடு

சாயத்தைப் பொறுத்தவரை, கறுப்பைத் தவிர்ப்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் நவவி (ரஹ்) அதை ஹராம் என்றே சொன்னார்கள். கணவனுக்காகப் பெண் கறுப்புச் சாயமிடலாம் என்று இஸ்ஹாக் பின் ராஹவைஹி (ரஹ்) இடமளித்தார்கள். இணைக்காக அழகுபடுத்திக்கொள்வது இருபாலாருக்கும் உரியது என்ற கருத்தில் இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) அவர்களும் சலுகை அளித்தார்கள். மற்ற நிறங்களுக்குப் பொதுவான தடை இல்லை.

எனினும் சில நிபந்தனைகள் உண்டு. முடியின் மேல் படலமாகப் படிந்து தண்ணீரைத் தடுக்கும் பொருளாக இருந்தால் ஒளுவும் கடமையான குளிப்பும் நிறைவேறாது. மருதாணியைப் போல நிறம் மட்டும் ஏறினால் தடையில்லை. உடலுக்குத் தீங்கு தருவதை மார்க்கம் அனுமதிப்பதில்லை. அந்த அழகு அந்நிய ஆண்களுக்குக் காட்டப்படக் கூடாது. பெண் பார்க்க வருபவர்களை ஏமாற்றுவதற்கும் அது கருவியாகக் கூடாது.

இந்த வரம்புகளுக்குள் ஒரு பெண் தன் கணவனுக்காக எந்த நிறத்தைத் தேர்ந்தாலும் அது அவர்களின் வீட்டு விஷயம். நாம் அஞ்ச வேண்டிய இடம் வேறு. "கறுப்பு அசிங்கம்" என்று எண்ணி ஒருத்தி பிளீச் செய்வதும், "செம்பட்டை அசிங்கம்" என்று சொல்லி இன்னொருத்தியை நாம் ஒதுக்குவதும் ஒரே நோயின் இரு அடையாளங்கள்.

செம்பட்டைக்குப் பல காரணங்கள் உண்டு. வெயில் காரணமாகலாம், பரம்பரை காரணமாகலாம். சில குழந்தைகளுக்குப் புரதச் சத்துக் குறைவும் காரணமாகும். முடி செம்மையாவதை அறிகுறியாகக் கொண்ட குவாஷியோர்கர் நோயை, 1933-இல் ஆப்பிரிக்காவின் கானா பகுதியில் பணிபுரிந்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் விவரித்தார். அத்தகைய குழந்தைக்குப் பருப்பும் முட்டையும் மருத்துவரும் தேவை, பட்டப்பெயர் தேவையில்லை. பசிபிக் பெருங்கடலின் சாலமன் தீவுகளில் கருநிறத் தோலுடன் பொன்னிற முடியோடு குழந்தைகள் பிறக்கின்றன. அதற்குக் காரணமான மரபணு மாற்றம் ஐரோப்பியரிடம் காணப்படுவதிலிருந்து வேறுபட்டது என்று 2012-இல் ஆய்வாளர்கள் நிறுவினர். நிறமியே இன்றி வெண்முடியோடு பிறக்கும் குழந்தைகள் நம் தெருக்களிலும் இருக்கிறார்கள்.

மொழிகளும் நிறங்களும் வேறுபடுவதைத் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக அல்லாஹ் அர்ரூம் அத்தியாயத்தில் (30:22) குறிப்பிடுகிறான். பெண்கள் பிற பெண்களைப் பரிகசிப்பதையும், பட்டப்பெயர் சூட்டுவதையும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் (49:11) தடுக்கிறான். ஒரு குழந்தையைச் 'செம்பட்டை' என்று அழைக்கும்போது நாம் இந்த இரண்டு வசனங்களையும் ஒருசேர மறந்துவிடுகிறோம்.

நம் நகரின் பேகம்பூர், ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிஸா பேகத்தின் நினைவைத் தாங்கி நிற்கிறது. அவர்களின் கூந்தல் நிறத்தை இன்று ஒருவரும் கேட்பதில்லை. பெயரும், பள்ளிவாசலும், அங்கே எழும் பாங்கோசையுமே நிலைத்திருக்கின்றன.

தாய்மார்களே! அடுத்த முறை மகளின் தலையை வாரும்போது அதன் நிறத்தைக் குறித்து நீங்கள் சொல்லும் சொல்லில் கவனமாக இருங்கள். மருமகள் தேடிச் செல்லும் சகோதரிகளே! பெண்ணின் முடியை அளப்பதற்கு முன் அவளுடைய தீனையும் குணத்தையும் விசாரியுங்கள். அத்தாமார்களே! பிள்ளை பார்லருக்குப் போக வேண்டும் என்று கேட்டால் அதட்டுவதற்கு முன், அவள் மனத்தில் தன்னைப் பற்றிய தாழ்வு எங்கிருந்து வந்தது என்று ஒரு முறை கேளுங்கள். அது நம் வீட்டிலிருந்தே வந்திருக்கக்கூடும்.

அல்லாஹ் நம் தோற்றத்தை அழகாக்கியதைப் போல் நம் குணங்களையும் அழகாக்குவானாக. ஆமீன்.