வாடைக்காற்றிலிருந்து நாடகப் பள்ளி வரை: ஆனந்தராணி

இலங்கையில் தமிழ்ச் சினிமா எண்டு ஒண்டு இருந்ததா? எங்கட வயசுக்காரரிட்ட கேட்டால் முதலில் சிரிப்புத்தான் வரும். இருந்தது. அதுவும் எங்கட மன்னார்க் கடற்கரையிலேயே கமரா வைத்து எடுத்திருக்கிறார்கள்.

செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நெடுந்தீவுக் கதை. வாடை பெயரும் காலத்தில் வாடி போட்டுத் தொழில் செய்ய வருகிறவர்களுக்கும் ஊர்க்காரருக்கும் இடையிலான உரசலும் காதலும்தான் அந்த நாவல். பிறேம்நாத் மொறாயஸின் இயக்கத்தில் 1978இல் அது படமாக வெளிவந்தது. படப்பிடிப்பு நடந்தது பேசாலையில். அரிப்பிலும் சிலாவத்துறையிலும் பருவத்துக்குப் பருவம் வெளியூர்த் தொழிலாளர் வந்து வாடி போடுவதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இந்தக் கதையை ஆரும் விளக்கத் தேவையில்லை.

அந்தப் படத்தில் ஏ. ஈ. மனோகரன், சந்திரகலா, கே. எஸ். பாலச்சந்திரன் ஆகியோரோடு நடித்தவர் ஆனந்தராணி இராஜரத்தினம். வானொலி நாடகங்களிலும் அவருடைய குரல் ஒலித்தது. ஆனால் ஈழத்தில் ஒரு நடிகை திரையை மட்டும் நம்பி நிற்க ஏலாது. சந்தை சின்னன், இந்தியப் படங்களோடு போட்டி. 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோவும் எரிக்கப்பட்டது. படச்சுருள்கள் அதோடு போயின.

ஆனந்தராணிக்குக் கைகொடுத்தது மேடை. அதே 1978இல் க. பாலேந்திரா முதலானோர் அவைக்காற்று கலைக்கழகத்தைத் தொடங்கினார்கள். டென்னசி வில்லியம்ஸின் நாடகத்தை ‘கண்ணாடி வார்ப்புகள்’ என்று நிர்மலா தமிழாக்க, அதில் வெளியுலகுக்குப் பயந்து கண்ணாடிப் பொம்மைகளோடு வாழும் லோறாவாக ஆனந்தராணி நடித்தார். அடுத்த வருடம் கழகம் லோர்காவின் நாடகம் ஒன்றை ‘ஒரு பாலை வீடு’ என்று மேடையேற்றியது. அதில் மேடைக்கு வருகிற பாத்திரங்கள் எல்லாமே பெண்கள்.

இது லேசான விசயமில்லை. எங்கட பக்கக் கத்தோலிக்கக் கூத்துகளில் இராணி வேசத்தையும் ஆம்பிளையள்தான் கட்டினார்கள். பாட்டு, தாளம், உடுப்பு எல்லாத்திலும் செழிப்பான மரபு அது. எங்களுக்கு அதில் பெருமையும் உண்டு. ஆனாலும் பெண்ணின் கதையைப் பெண்ணே மேடையேறிச் சொல்ல எவ்வளவு காலம் பிடித்தது என்பதையும் சேர்த்துத்தான் வரலாறு எழுதவேணும்.

பாலேந்திராவைக் கரம்பிடித்து லண்டனில் குடியேறிய பிறகும் ஆனந்தராணி நடிப்பை விடவில்லை. 2000களின் தொடக்கத்தில் இருவரும் அங்கே தமிழ் நாடகப் பள்ளியைத் தொடங்கினார்கள். வீட்டில் தமிழ் கேட்டாலும் வாயைத் திறந்தால் ஆங்கிலம் வருகிற பிள்ளைகள் அங்கே வசனம் பேசி, உடலை அசைத்து, கூட நிற்கிறவரைக் கவனித்து மொழியைப் பிடிக்கிறார்கள். பாடப்புத்தகத்தில் பிழைவிடப் பயப்படுகிற பிள்ளை, பாத்திரமாக நிற்கும்போது துணிந்து கதைக்கும்.

எங்கட பாடசாலைகளில் நாடகமும் அரங்கியலும் ஒரு பாடம். கனபேருக்கு அது ‘லேசாப் பாஸ் பண்ணுற பாடம்’; பெம்பிளைப் பிள்ளை எடுத்தால் “படிச்சு என்ன செய்யப்போறாய்?” என்ற கேள்வி வேற. பேசாலையில் கமராவுக்கு முன்னால் நின்ற ஒருவர் லண்டனில் ஒரு தலைமுறைக்குத் தமிழ் பேசப் பழக்கியிருக்கிறார். அந்தக் கேள்விக்கு எங்களிடமுள்ள மறுமொழி இதுதான்.

‘வாடைக்காற்று’ படப்பிடிப்பைப் பார்த்த ஆக்கள் பேசாலையில் இப்பவும் இருப்பார்கள். விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் ஃபோனை எடுத்து அவர்களின் குரலைப் பதிந்து வையுங்கோ. எரிஞ்ச சுருளைத் திருப்பி எடுக்க ஏலாது. ஆக்களின் ஞாபகத்தையாவது காப்பாற்றலாம்.