பீதியும் மௌனமும்: தொற்றுநோய்க் காலச் செய்திகளின் வரலாறு

தொற்றுநோய் பரவும் காலங்களில் மக்களை வருத்துவது கிருமி மாத்திரமல்ல. அக்கிருமியைப் பற்றிய செய்தியும் வீடுகளுக்குள் நுழைந்து, நோய் தொடாதவர்களின் உறக்கத்தையும் கெடுத்துவிடுகின்றது. கொவிட்-19 காலத்தில் இதனை நாம் எல்லோரும் அனுபவித்தோம். "செய்தி பார்ப்பதை விட்டுவிட்டேன், இப்போதுதான் நிம்மதி" என்று அந்நாட்களில் பலர் என்னிடம் கூறினார்கள். செய்தியையே தொழிலாகக் கொண்ட எனக்கு அது கசப்பாக இருந்தாலும், அவர்களது கூற்றில் நியாயம் இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால், செய்தியே இல்லாதிருந்தால் மனம் அமைதி கொண்டுவிடுமா? வரலாறு அவ்வாறு கூறவில்லை.

1918ஆம் ஆண்டு முதலாம் உலகப் போரின் இறுதிக் கட்டம். போரில் ஈடுபட்டிருந்த நாடுகளின் பத்திரிகைகள் கடும் தணிக்கைக்குள் இருந்தன. படைவீரர்கள் காய்ச்சலில் விழுகின்றார்கள் என்று எழுதினால் எதிரிக்கு உற்சாகம், சொந்த மக்களுக்குச் சோர்வு என்று அரசாங்கங்கள் கருதின. நடுநிலை வகித்த ஸ்பெயினில் அத்தகைய கட்டுப்பாடு இருக்கவில்லை. அந்நாட்டு மன்னர் 13ஆம் அல்போன்சோ நோயுற்றதைக்கூட அங்குள்ள பத்திரிகைகள் வெளியிட்டன. உண்மையை எழுதியதற்குக் கிடைத்த பரிசு, அந்நோய்க்கு 'ஸ்பானியக் காய்ச்சல்' என்ற பெயர் நிலைத்துவிட்டமைதான். உலகெங்கும் ஏறத்தாழ 5 கோடிப் பேரைப் பலிகொண்டதாக மதிப்பிடப்படும் நோய் அது.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நடந்தது இதனிலும் துயரமானது. 1918 செப்டெம்பர் 28ஆம் திகதி போர்க் கடன் பத்திரங்களை விற்பதற்காக அங்கு மாபெரும் ஊர்வலமொன்று ஏற்பாடாகியிருந்தது. நகரில் நோய் ஏற்கெனவே தலைகாட்டியிருந்தது. ஊர்வலத்தை நிறுத்தும்படி வைத்தியர்கள் வேண்டினார்கள். நகரச் சுகாதாரப் பணிப்பாளர் வில்மர் குரூசன் அதற்கு இணங்கவில்லை. சுமார் 2 இலட்சம் பேர் வீதிகளில் திரண்டார்கள். சில நாட்களுக்குள் வைத்தியசாலைகள் நிரம்பின. அடுத்த வாரத்தில் பாடசாலைகளும் தேவாலயங்களும் அரங்குகளும் மூடப்பட்டன. சில வாரங்களில் அந்நகரில் மாத்திரம் 12,000க்கும் அதிகமானோர் மாண்டனர்.

அந்நாட்களில் பத்திரிகைகளிலும் அதிகாரிகளின் அறிக்கைகளிலும் திரும்பத் திரும்ப ஒலித்த அறிவுரை, அஞ்சவேண்டாம் என்பதே. அச்சம்தான் நோயைவிடக் கொடியது என்றும், நோயைப் பற்றிப் பேசாமல் மகிழ்ச்சியானவற்றைப் பேசுமாறும் மக்களுக்குச் சொல்லப்பட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் இது மனநலத்தைப் பேணும் அறிவுரைதானே! ஆனால், பக்கத்து வீட்டுப் பிணத்தைத் தூக்க ஆளில்லாத வேளையில், கலங்க ஏதுமில்லை என்று பத்திரிகை சொன்னால் வாசிப்பவன் எதனை நம்புவான்? கண்ணால் கண்டதும் காகிதத்தில் படித்ததும் ஒன்றுக்கொன்று முரண்பட்டபோது, மக்கள் எவரையும் நம்ப இயலாதவர்களானார்கள். வதந்தியே செய்தியாயிற்று. அண்டைவீட்டார் ஒருவருக்கொருவர் கதவைத் திறக்கவும் அஞ்சினார்கள். பயத்தைத் தடுக்க எண்ணிய மௌனமே பயத்தை வளர்த்தது.

இதற்கு நேர்மாறான பாடத்தை 1994இல் இந்தியாவின் சூரத் நகரம் தந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் மாதம் அங்கு நுரையீரலைத் தாக்கும் பிளேக் நோய் பரவுவதாகச் செய்தி வெளியானது. பிளேக் என்ற சொல்லே போதுமானதாக இருந்தது. இறந்தோர் நூற்றுக்கணக்கில் என்று உறுதிப்படுத்தப்படாத எண்ணிக்கைகள் பத்திரிகைகளில் இடம்பிடித்தன. சில நாட்களில் இலட்சக்கணக்கானோர் ரயில்களிலும் பஸ்களிலும் தொற்றிக்கொண்டு நகரைவிட்டு ஓடினார்கள். ஓடியவர்களில் தனியார் வைத்தியர்களும் இருந்தார்கள். மருந்துக்கடைகளில் டெட்ராசைக்கிளின் மாத்திரைகள் தீர்ந்துபோயின. பல நாடுகள் இந்தியாவுடனான விமானப் போக்குவரத்தை நிறுத்தின. இறுதியில் அந்த ஆண்டு இந்தியா முழுவதிலும் பிளேக்கினால் இறந்தோராகக் கணக்கிடப்பட்டவர்கள் 56 பேர்.

ஒவ்வோர் உயிரும் பெறுமதியானதே. ஆயினும், உரிய வேளையில் உட்கொண்டால் குணப்படுத்தக்கூடிய நோய் அது என்ற ஒரே செய்தியைத் தலைப்பில் உரத்துச் சொல்லியிருந்தால், எத்தனை குடும்பங்கள் அந்த ரயில் நிலைய நெரிசலில் இருந்து தப்பியிருக்கும்!

பிலடெல்பியாவில் செய்தி குறைந்தது. சூரத்தில் செய்தி மிகுந்தது. இரண்டிலும் இல்லாமற்போனது ஒன்றுதான்: அளவு. ஆபத்து எவ்வளவு, எங்கே, யாருக்கு, தப்புவதற்கு வழி என்ன என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை தரும் செய்தி மனிதனைக் கலங்கச் செய்யலாம், ஆனால் செயலிழக்கச் செய்யாது. விடை தராத செய்தி, உண்மையாகவே இருந்தாலும், வெறும் அச்சமாகவே மனதில் தங்கிவிடுகின்றது.

எமது நாட்டில் 2020 ஜனவரி 27ஆம் திகதி முதலாவது கொவிட் நோயாளியாக ஒரு சீனப் பெண் அடையாளம் காணப்பட்டார். மார்ச் 20ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. அச்சுப் பத்திரிகை பல வீடுகளுக்குச் சென்று சேரவில்லை. தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியுமே மக்களின் உலகமாயின. நாள் முழுதும் திரையின் அடியில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. குணமடைந்தோர் தொகை பெரும்பாலும் கடைசியில்தான் வந்தது. சில ஊடகங்கள் நோயாளியின் சமயத்தையும் சேர்த்துச் சொல்லின. அத்தகைய செய்திகள் மூட்டிய சந்தேகத்தின் மத்தியில்தான், கொவிட்டினால் இறந்தோரின் உடல்களைத் தகனம் செய்வது 2020 ஏப்ரலில் கட்டாயமாக்கப்பட்டது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறியிருந்தும், 2021 பெப்ரவரி வரை அந்த விதி மாறவில்லை. முஸ்லிம் மக்களுக்கு நோயின் அச்சத்தோடு, இறந்தால் தமது உடல் என்னவாகும் என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது. 2024இல்தான் அமைச்சரவை அவர்களிடம் மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. செய்தி ஏற்படுத்தும் மனக்காயம் கற்பனையல்ல என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை.

2013இல் அமெரிக்காவின் பொஸ்டன் மரதன் ஓட்டத்தின்போது குண்டுகள் வெடித்தன. அதன்பின் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்த ஓர் உண்மை இங்கு நினைவுகூரத்தக்கது. அடுத்துவந்த வாரத்தில் நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலங்களோ அதற்கு மேலோ அச்சம்பவம் பற்றிய செய்திகளில் மூழ்கியிருந்தவர்கள், குண்டு வெடித்த இடத்தில் இருந்தவர்களைக் காட்டிலும் அதிக மன உளைச்சலைத் தெரிவித்தார்கள். ஏற்கெனவே கலங்கியவரே அதிகம் பார்க்கின்றார் என்பதும் உண்மைதான். கலக்கம் பார்க்கத் தூண்டுகின்றது. பார்ப்பது கலக்கத்தைக் கூட்டுகின்றது. இந்தச் சுழலில் அகப்பட்டவருக்குத் தானாக வெளிவருவது கடினம்.

2020 மார்ச் 18ஆம் திகதி உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட மனநலக் குறிப்புகள், செய்தியை முற்றாகத் துறக்கும்படி சொல்லவில்லை. நாளில் ஓரிரு முறை, குறித்த நேரத்தில், நம்பகமான இடத்திலிருந்து அறிந்துகொள்ளுங்கள் என்றே கூறின. மருந்துக்கு வேளை இருப்பதுபோல் செய்திக்கும் வேளை வேண்டும். உறங்கப்போகுமுன் வேண்டாம். வீட்டிலுள்ள முதியவரைத் தொலைக்காட்சியின் முன் நாள் முழுதும் தனியே இருத்தவும் வேண்டாம். கையில் கிடைத்த தகவலை அடுத்தவருக்கு அனுப்புமுன், மேற்சொன்ன நான்கு கேள்விகளையும் அதனிடம் கேட்டுப் பாருங்கள். விடை இல்லையேல் அது உங்களோடு நின்றுவிடட்டும்.

வாசகருக்குச் சொல்லும் இந்த அறிவுரை பாதிக் கடமைதான். மீதிப் பாதி எழுதுபவருடையது. இனியொரு தொற்றுநோய் வராது என்று எவரும் உறுதிகூற முடியாது. அது வரும்போது, உண்மையை மறைத்தும் அமைதி தரமுடியாது, உண்மையை ஓலமாக்கியும் விழிப்பூட்ட முடியாது என்பதைச் செய்தி மேசையில் அமர்ந்திருக்கும் இளையவர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். தலைப்பில் எண்ணை இடும் கை, அதன் கீழேயே அந்த எண்ணின் பொருளையும், தப்பும் வழியையும் எழுதட்டும். அந்த இரண்டு வரிகளுக்காகத்தான் அச்சமுற்ற ஒருவர் பத்திரிகையை விரிக்கின்றார்.